தறியை நிறுத்தச் சொன்னேன்

ராசிபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் கணவரின் விசைத்தறி ஓடும். பின்னறையில் நான் கம்ப்யூட்டரில் சேலை டிசைன் வரைவேன். வேலை சீக்கிரம் முடியட்டுமே என்று, ஒரு வீடியோவைப் பார்த்து பிராசஸரின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன். சூடு ஏறியது. அதைத் தணிக்க பிராசஸர்மேல் மாட்டும் கூலர் கேட்டதற்கு, சேலத்துக் கடைக்காரர், "இந்தளவு வேகத்துக்குப் பெரிய கூலரெல்லாம் வேண்டாங்க, ஒத்தை ஃபேன் வெச்சதே போதுங்க" என்றார். விலை குறைந்த அதையே வாங்கிவந்து நானே மாட்டினேன்.

அப்படியும் கம்ப்யூட்டர் கொதித்து, பாதி டிசைனில் அணைந்தது. "ஏனுங்க, உங்க தறிப் பஞ்சுதானுங்க ஃபேன்ல போய் அடைக்குது! நான் வேல செய்யறப்ப நிறுத்துங்க" என்று கத்திவிட்டேன். அவர் உடனே தறியை நிறுத்தினார். தீபாவளிக்கு எடுத்த புது வேட்டியை இரண்டு அறைக்கும் நடுவிலுள்ள வாசலில் ஆணியடித்துத் திரையாகக் கட்டினார்.

மறுபடியும் அணைந்தது. கூலரைக் கழற்றினேன். பஞ்சே இல்லை. பிராசஸரின்மேல் படிய வேண்டிய அடிப்பக்கத்தில், உரித்துவிட்டு மாட்ட வேண்டிய பிளாஸ்டிக் தாள் அப்படியே ஒட்டியிருந்தது. அதன் மேலேயே சூட்டைக் கடத்தும் பசையைத் தடவி மாட்டியிருக்கிறேன்!

அழுதுகொண்டே அவரிடம் காட்டினேன். "அப்ப இனிமே தறிய ஓட்டலாமா கண்ணு?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இப்போது எது பழுதானாலும், வாயைத் திறக்குமுன் என் கைபட்ட இடத்தைத்தான் கழற்றிப் பார்க்கிறேன். தீபாவளியன்று அவர் அந்த வேட்டியைத்தான் கட்டினார், ஆணி கிழித்த ஓரத்தை உள்ளே மடித்துக்கொண்டு.