தறிச் சத்தத்தில் நான் கத்திய பெயர்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூசுவேன். நான் எழுத வந்ததே அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன சித்திரையில், திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் நடந்தது. கீழே விசைத்தறிப் பட்டறை, மாடியில் குடித்தனம். பிரசவத்துக்கு வந்திருந்த மகளின் அறையில் ஏ.சி. அனலாக ஊதியது. பச்சைக் குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. போன் செய்து மெக்கானிக்கை வரவழைத்தோம்.

"கோளாறு வெளிப்பெட்டியிலதானுங்க அக்கா" என்றார்.

அந்தப் பெட்டி மாடிச் சுவரில், வெளிப்பக்கம் இருக்கிறது. அதற்குக் கரண்ட் போவது பட்டறை வாசலுக்கு உள்பக்கம் உள்ள போர்டிலிருந்து. அதில் ஏ.சி.க்கான டிரிப்பர் சுவிட்சைக் கீழே தள்ளிக் கரண்டை நிறுத்திவிட்டு, "இதை யாரும் தொடாம பாத்துக்கங்க" என்றார். தறி ஓட்டும் பெண்களிடம் சொல்லிவிட்டு வந்தேன். நூல் எடுக்கப் போயிருந்த என் கணவருக்கு மட்டும் தெரியாது.

மெக்கானிக் ஏணியில் ஏறினார். பெட்டியைக் கழுவிய தண்ணீர் வழிந்து சிமெண்டுத் தரை வழுக்கியது. ஏணி நகராமல் நான் கட்டிப் பிடித்துக்கொண்டேன். மேலே அவர் மூடியைக் கழற்றி, வயர்களுக்குள் இரண்டு கைகளையும் விட்டிருந்தார்.

அப்போதுதான் என் கணவர் பின்வாசல் வழியாகப் பட்டறைக்குள் வருவது, திறந்திருந்த முன்வாசல் வழியே எனக்குத் தெரிந்தது. எங்கள் பட்டறையில் டிரிப்பர் அடிக்கடி விழும். யார் கண்ணில் முதலில் படுகிறதோ அவர் தூக்கிவிட்டுப் போவார். ஏன் விழுந்தது என்று யாரும் கேட்பதில்லை. என் கணவர் போர்டைப் பார்த்தார். நூல் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நேராக அங்கே போனார்.

ஏணியை விட்டு ஓடினால் மேலே இருப்பவர் விழுவார். விடாமல் நின்றால்?

"ஏனுங்க!" என்று கூப்பிட்டேன். தறிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் இன்னும் சத்தமாக, "ஏனுங்க!"

"இதோ முடிஞ்சுதுங்க அக்கா" என்று மேலேயிருந்து மெக்கானிக் பதில் சொன்னார். தன்னைக் கூப்பிடுவதாக நினைத்துவிட்டார். கையை எடுங்கள் என்று அவரிடம் சொல்லக்கூட அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. என் கண் முழுக்கப் போர்டை நோக்கிப் போகும் கையிலேயே இருந்தது. என் உள்ளங்கை வேர்த்து ஏணியில் பிடி வழுக்கியது.

கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லாத பெயரை, அடிவயிற்றிலிருந்து கத்தினேன். பெயரை மட்டும். 'ங்க' கூடச் சேர்க்கவில்லை.

டிரிப்பரில் விரலை வைத்தவர் அப்படியே நின்றார். திரும்பினார். முகம் கோபத்தில் சிவந்திருந்தது.

"பேரச் சொல்லிக் கூப்புடற அளவுக்கு வந்துட்டியா?" என்று வாசலுக்கு வந்தார். ஏணியை விடாமல் தலையை மேலே தூக்கிக் காட்டினேன். நிமிர்ந்து பார்த்தவர் ஓடி வந்து ஏணியின் இன்னொரு காலைப் பிடித்துக்கொண்டார்.

இறங்கி வந்த மெக்கானிக் விஷயம் தெரிந்ததும் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "எம் பொண்ணுக்கு இன்னும் பேர்கூட வைக்கலீங்க அக்கா" என்றார். அன்றைக்கு மறுபடி ஏணியில் ஏறவில்லை.

தறி ஓட்டும் பெண் ஒருத்தி, "அக்காவுக்கு இத்தன பெரிய தொண்டையா? எங்க வெச்சிருந்தீங்க?" என்று சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கும் எந்தச் சுவிட்ச் அணைந்து கிடந்தாலும், அந்த முனையில் யாருடைய கை இருக்கிறதோ என்று என் விரல் தயங்கி நிற்கிறது.

மறுநாள் காலையில் மெக்கானிக் வந்து மீதி வேலையை முடித்தார். என் கணவர் போர்டைப் பூட்டி, சாவியை மெக்கானிக்கின் சட்டைப்பையில் போட்ட பிறகுதான் ஏணியில் ஏற விட்டார்.