சஸ்பிஷன் என்றால் ஷக்கா?

காலர் தைப்பவள் அந்த ரிப்போர்ட்டை நாலாய் மடித்துக் கைப்பையில் வைத்திருந்தாள். கணவருக்கு ஒரு மாதமாய் இருமல். நெஞ்சு எக்ஸ்ரே படம் எடுத்தாயிற்று. டாக்டரைப் பார்க்க மாலை ஆறு மணி வரை பொறுக்க வேண்டும். வீட்டில் உருது, வேலையிடத்தில் தமிழ் என்று ஓடும் வாழ்க்கை. ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பாள், அவ்வளவுதான். கடைசி வரியில் இருந்த ஒரு நீளச் சொல் அவளை நிம்மதியாய் உட்கார விடவில்லை.

சீருடை தைக்கும் அந்தக் கூடத்தில் நாலெழுத்து படித்தவள், பட்டன் வைக்கும் அக்கா.

"சஸ்பிஷன்னு போட்டிருக்குடி. சந்தேகம்னு அர்த்தம்."

"எங்க பாஷைல ஷக்னு சொல்வோம்" என்றவளுக்கு வாய் கசந்தது. தங்கையின் புருஷன் ஷக் பிடித்துத்தான் அவளைப் பிறந்த வீட்டுக்கு விரட்டினான்.

"மனுஷன் இருமினதுக்கு எதுக்குக்கா சந்தேகம்? எதையாவது திருடிட்டாரா?"

"என்னைக் கேட்டா? டாக்டரைக் கேளு."

அதற்குப் பிறகு கை ஓடவில்லை. மூன்று காலர்களைத் தலைகீழாய்த் தைத்துப் பிரித்தாள். ஊசி இரண்டு முறை ஒடிந்தது.

மாலையில் கணவருடன் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸ்தான் விளக்கினாள். "யாரும் குத்தம் சொல்லலம்மா. படத்துல ஒரு நிழல் தெரியுது. என்னன்னு உறுதியா தெரியாததால அப்படி எழுதுவாங்க."

அப்படியானால் இது ஷக் இல்லை, ஷுப்ஹா. அதுவும் சந்தேகம்தான், ஆனால் அவள் காதுக்கு ஆள்மேல் பழி போடாத, கொஞ்சம் மெத்தென்ற சொல். அவளுக்குப் பாதி மூச்சு வந்தது.

"முன்னாடி எப்பவாவது டிபி வந்திருக்கா?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்லவே இல்ல டாக்டர்" என்றாள் முந்திக்கொண்டு.

கணவர் தரையைப் பார்த்தார். "வந்துச்சு. கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முன்னாடி. மருந்து முழுசா சாப்பிட்டேன்."

நான்கு நாளில் சோதனை முடிவு வந்தது: சளியில் கிருமி இல்லை, நிழல் பழைய டிபியின் தழும்புதான். இருமலுக்கு ஒரு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். நான்கு நாளாய் அடக்கி வைத்திருந்த கேள்வியோடு தெருவில் அவள் விடுவிடுவென்று முன்னால் நடந்தாள்.

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா உங்கப்பா பொண்ணு குடுத்திருப்பாரா?"

"எங்கப்பாவை விடுங்க. இருபத்திரண்டு வருஷமா நான் ஒருத்தி கூடவே இருந்தேனே! வேற என்ன மறைச்சீங்க?"

"சத்தியமா ஒண்ணுமில்ல."

நம்பத்தான் ஆசை. ஆனாலும் மறுநாள் காலை அவர் குளிக்கப் போனதும், பீரோவின் மேல்தட்டிலிருந்த அவருடைய பழைய காகிதக் கட்டை இறக்கி, ஒவ்வொன்றாய்ப் பிரித்து எழுத்துக்கூட்ட ஆரம்பித்தாள்.