வார்னிஷ் போடாத பலகையில் குங்குமம்

1. ஆயுத பூசை

வார்னிஷ் பூசாத வெள்ளை மரத்தில் குங்குமம் பட்டால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவ்வளவு முட்டாள்தனமான வேலையை எனக்கு முன்னால் வேறு தச்சர் யாரும் செய்திருக்க மாட்டார்கள். அதனால் நானே எழுதி வைக்கிறேன்.

மலாய் நாடு சுதந்திரம் அடைந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். எங்கள் காஜா பெராங் பகுதியில் வீட்டு வாசல்களில் கட்டிய காகிதக் கொடிகள் மழையில் சாயம் போய்த் தொங்கிக்கொண்டிருந்தன. என் வீட்டில் குசினிக்கும் கிணற்றுக்கும் நடுவே தகரக் கூரை போட்ட இடம்தான் பட்டறை. ஆயுத பூசை அன்று காலையில் அதைக் கழுவித் துடைத்து, இழைப்புளி, உளி, ரம்பம், கிளாம்பு, வஜ்ஜிரப் பசை காய்ச்சும் சட்டி எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தேன். கடைசியில், செய்துகொண்டிருந்த கிட்டாரைக் கொண்டுவந்து நடுவில் சாய்த்து வைத்தேன். பெட்டி மூடி ஒட்டியாகிவிட்டது, கழுத்தான நெக் பூட்டியாகிவிட்டது. பாலிஷும், கம்பியைத் தாங்கும் பிரிட்ஜும், கம்பியும்தான் பாக்கி.

சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு அதன் பக்கம் போனபோது என் மனைவி செல்லம் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அதுல வேணாங்க. இன்னும் வார்னிஷ் போடலையே. ஒரு துணிய விரிச்சு, அது மேல வச்சா ஆவாதா?"

"உளிக்குப் பொட்டு வச்சிட்டு, உளியால செஞ்சதுக்கு வைக்காம விடுறதா? நீ சுண்டலப் பாரு."

ஒலித் துவாரத்துக்குக் கீழே, எல்லோர் கண்ணிலும் படுகிற இடமாகப் பார்த்து, ஐம்பது காசு அகலத்துக்கு ஈரச் சந்தனத்தை அப்பினேன். அதன் மேல் குங்குமம். ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் கேட்டு வாங்கிய, மஞ்சளில் செய்த நல்ல குங்குமம். வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் அழகு வேறு பார்த்தேன்.

2. அந்தக் கிட்டாரும் அந்த மரமும்

அது ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். பதினொரு வருடம், தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் கடையில் அலமாரியும் கட்டிலும் மேசையும் செய்தவன் நான். ஒருநாள் யாரோ உடைந்த கிட்டார் ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்க, பிரித்துப் பார்த்தேன். அன்றோடு புத்தி கெட்டது. அந்த வருட ஆரம்பத்தில் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே கிட்டார் செய்ய உட்கார்ந்தேன். தவுக்கே நல்ல மனுஷர். திட்டவில்லை. "கிட்டாரை நம்பிச் சோறு சாப்பிட முடியாது, மாணிக்கம். தீபாவளி வரைக்கும் உன் இடத்தில் வேறு ஆளை வைக்க மாட்டேன். அதற்குள் வந்துவிடு" என்று மலாயில் சொல்லி அனுப்பினார்.

அதுவரை செய்த கிட்டார்களெல்லாம் அக்கம்பக்கத்தில் பழகியவர்கள் வாங்கியவை. ஆரோக்கியம் கேட்டதுதான் முதன்முதலாக மேடையில் வாசிக்கிற ஆள் கேட்டது. அவர் ஒரு ரப்பர் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. மாதா கோயிலில் வாசிப்பார், கல்யாண வீடுகளில் வாசிப்பார். சிங்கப்பூரில் ஒரு ஹோட்டல் பேண்டில் சேரச் சொல்லி அவருக்குக் கடிதம் வந்திருந்தது. தீபாவளிக்கு முன்னாலேயே கிளம்ப வேண்டும். அவர் கையில் இருந்த கிட்டாரின் நெக் வில்லாக வளைந்துவிட்டது. "உங்க கிட்டாரோடதான் போவேண்ணே" என்றார். சிங்கப்பூரில் நாலு பேர் என் கிட்டாரைக் கேட்டால் நான் கிட்டார்காரன். கேட்கிற மாதிரி அது அமையாவிட்டால் தீபாவளிக்குள் தவுக்கே கடைக்குத் திரும்ப வேண்டியதுதான். இதில் மூன்றாவது வழி இல்லை.

கிட்டாரின் முதுகுக்கும் பக்கத்துக்கும் பலா மரம் போட்டேன். வீணைக்கு ஆகிற மரம் கிட்டாருக்கு ஆகாமலா போகும்? முகப்பலகைதான் பிரச்சினை. அதற்குக் குளிர்நாட்டு வெள்ளை மரம் வேண்டும். நம் ஊரில் அது முளைக்காது. அந்த வருடம் தோட்டத்துத் துரைகள் ஒவ்வொருவராகச் சீமைக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய சாமான்கள் லெலாங்குக்கு வரும். அப்படி ஒரு ஏலத்தில் யாரும் சீண்டாத பியானோ ஒன்று கிடைத்தது. கம்பியெல்லாம் துரு. உள்ளே ஒலிக்காகப் போட்டிருந்த பலகை அதே வெள்ளை மரம், ஆனால் பாதிக்கு மேல் வெடிப்பு. வெடிப்பை ஒதுக்கி, நல்ல துண்டாகப் பார்த்து அறுத்து ஒட்டியதில் சரியாக ஒரே ஒரு கிட்டாருக்குத்தான் மரம் தேறியது. கெட்டுப்போனால் மாற்றிப் போட ஒரு சாண் துண்டுகூடக் கிடையாது.

3. தொடக் கூடாத நாள்

பூசை முடிந்து ஒரு மணி நேரம் இருக்கும். சந்தனத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். சந்தனத்தின் ஈரத்தோடு குங்குமமும் மரத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. 

மரம் சுரண்டுகிற ஸ்கிரேப்பர் தகடு அங்கேயே, கைக்கு எட்டுகிற தூரத்தில், பொட்டு வைத்துக்கொண்டு படுத்திருந்தது. நீட்டிய கையைச் செல்லம் பார்த்துவிட்டாள்.

"என்னா பண்றீங்க? சாமி முன்னால வச்சத நாளைக்குக் காலையில பூசை பண்ணித்தான் எடுக்கணும். தெரியாதா?"

"மரம் போவுது, செல்லம்."

"நான் அப்பவே சொன்னேன்ல."

அவள் சொல்லத்தான் செய்தாள். ஆயுதத்தை ஒருநாள் தொடாமல் வைப்பது என் அப்பா காலத்திலிருந்து மீறாத வழக்கம். மீறினால் வருடம் முழுக்கக் கை ஓடாது என்பார்கள். அன்று எனக்கு அதில் நம்பிக்கையைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. நாற்காலியைப் போட்டுக்கொண்டு கிட்டாருக்கு எதிரே உட்கார்ந்தேன். அந்த வளையம் அகலமாவதைப் பகல் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ஆரோக்கியம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

"என்னாண்ணே, நம்ம கிட்டாருக்குப் பொட்டெல்லாம் வச்சு மாப்பிள்ள மாதிரி உக்கார வச்சிருக்கீங்க! இத கோயிலுக்கு எடுத்துட்டுப் போனா பாதரு என்னைய வாசல்லயே நிறுத்திடுவாரு."

"நாளைக்குத் தொடச்சா போயிடும்" என்றேன்.

துடைத்தால் போகாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே பொய் சொன்னேன். அவர் இரண்டு கை சுண்டலைச் சாப்பிட்டுவிட்டுச் சந்தோஷமாகப் போனார்.

4. எலுமிச்சையும் ஸ்பிரிட்டும்

மறுநாள் காலையில் கற்பூரம் காட்டியதுதான் தாமதம், சந்தனத்தைச் சுரண்டி எடுத்தேன். அடியில் பெரிய தேங்காய் பிஸ்கட் அளவுக்குச் சிவப்பு. செல்லத்துக்கும் மனசு கேட்கவில்லை. "துணியில பட்ட கறைக்கு எலுமிச்சம்பழம்தான் தேய்ப்போம்" என்று பாதிப் பழத்தைக் கொண்டுவந்தாள். தேய்த்தோம். சிவப்பு போயிற்று. அந்த இடம் பளிச்சென்று மஞ்சளாகிவிட்டது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் குங்குமம், அதில் புளிப்பு பட்டால் மறுபடியும் மஞ்சள் என்பது அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. செல்லம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

கோபத்தில் அடுத்த தப்பைச் செய்தேன். பாலிஷ் கரைக்கிற ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்தேன். மஞ்சள் இப்போது மர நாரோடு மேலும் கீழும் ஓடி, கோடு கோடாக இறங்கிவிட்டது.

இனி ஸ்கிரேப்பர்தான் வழி. அதில் ஒரு சிக்கல் உண்டு. கறை உள்ள இடத்தை மட்டும் சுரண்டினால் பலகை அங்கே பள்ளமாகிவிடும். முகப்பலகை முழுவதையும் ஒரே மட்டத்தில் குறைத்துக்கொண்டு வர வேண்டும். நான் பலகையை ஒன்றேகால் நூல் தடிமனில் விட்டிருந்தேன். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஆறு கம்பி இழுக்கிற இழுப்புக்கு ஒன்றேகாலுக்குக் குறைந்தால் பலகை உள்ளே குழிந்துவிடும் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கை எனக்கு யாரும் சொல்லவில்லை. மேசைப் பலகை செய்த கைக்கு அதுவே மெல்லிசாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

ஒரு நூலுக்கு வந்தேன். மஞ்சள் இருந்தது. கிட்டாரை அறைக்குள் எடுத்துப் போய், ஜன்னலைச் சாத்தி, சின்ன டார்ச் லைட்டை ஒலித் துவாரம் வழியாக உள்ளே விட்டு, கறை எவ்வளவு ஆழம் என்று பார்த்தேன். பலகை இளஞ்சிவப்பாக ஒளிவிட்டது. நடுவில் கறை மட்டும் கறுப்பாக நின்றது. இன்னும் சுரண்டினேன். தகரக் கூரையின் வெக்கையில் வேர்வை பலகையில் சொட்டாமல் இருக்கத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டேன். மூன்று நாள் இதே வேலை. முக்கால் நூலுக்கு வந்தபோது கறை வெளிறி, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற மஞ்சள் கீற்றாகிவிட்டது. அதற்கு மேல் சுரண்ட எனக்குத் தைரியம் இல்லை. கட்டை விரலால் அழுத்தினால் பலகை இறங்கி ஏறியது. மேசை இப்படி ஆடினால் தவுக்கே என் தலையில் போட்டு உடைத்திருப்பார்.

தவுக்கே கடைக்குப் போய் என்ன பேசுவது என்று மனசுக்குள் யோசிக்க ஆரம்பித்தேன். 

5. கம்பி பூட்டிய நாள்

அரக்குப் பாலிஷ் ஏற்றி, பிரிட்ஜ் ஒட்டி, காய வைத்து, ஆரோக்கியத்துக்கு ஆள் அனுப்பினேன். அவர் வந்ததும், கம்பி பூட்டுவதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பொட்டு, எலுமிச்சம்பழம், ஸ்பிரிட், முக்கால் நூல், அன்று சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை.

"பலகை தாங்குமான்னு எனக்குத் தெரியல, தம்பி. சிங்கப்பூர்ல மேடையில வச்சு பலகை குழிஞ்சிட்டா உங்க மானம் போயிடும். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

அவர் மஞ்சள் கீற்றை விரலால் தடவிப் பார்த்தார். "மாட்டுங்கண்ணே, பாப்போம்" என்றார்.

ஒவ்வொரு கம்பியாக ஏற்றினேன். முறுக்கும்போதெல்லாம் காதைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். எங்கே வெடிக்குமோ என்று பயம். வெடிக்கவில்லை. சுருதி சேர்த்துக் கொடுத்தேன். அவர் கட்டை விரலால் ஆறு கம்பியையும் ஒருமுறை இழுத்துவிட்டார்.

என் கையால் செய்த எந்தச் சாமானிலிருந்தும் அப்படி ஒரு சத்தம் வந்ததில்லை. குசினியில் இருந்த செல்லம் கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டாள். அவர் அரை மணி நேரம் வாசித்தார். மெல்லத் தொட்டாலும் பேசியது, ஓங்கி அடித்தாலும் பேசியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

வாசித்து முடித்துவிட்டு அவர் தலையைச் சொறிந்தார்.

"நானும் ஒண்ணு சொல்லிடுறேண்ணே. கோவிச்சுக்காதீங்க. சிங்கப்பூருக்கு எடுத்துட்டுப் போறதுக்கு ஒரு கூட்டாளிகிட்ட கிட்டார் எரவல் வாங்கி வச்சிருந்தேன். இப்ப அதத் திருப்பிக் குடுக்கணும்."

"எரவலா? அப்ப என்கிட்ட ஏன்யா செய்யச் சொன்னீங்க?"

"நீங்க வேலைய விட்டுட்டு உக்காந்திருக்கீங்க. உங்ககிட்ட கேக்காம வேற எங்கயாச்சும் எப்படிண்ணே போறது? நீங்க செஞ்சத முன்ன ஒரு வீட்டுல வாசிச்சுப் பாத்திருக்கேன். பாக்க ஜோரா இருக்கும். சத்தம்தான் உள்ளயே கெடக்கும். அலமாரிக்குள்ள வச்சு வாசிச்ச மாதிரி."

செல்லம் பக்கத்தில் நின்றாள். எனக்குக் காது சுட்டது. அவமானமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. அவர் மேல் கோபப்பட என்ன இருக்கிறது? பலகை மெலிந்த பிறகுதானே சத்தம் வெளியே வந்தது. வாங்கிக்கொண்டு போன அத்தனை பேருக்கும் இது தெரிந்திருக்கும். மாணிக்கம் மனசு நோகக் கூடாது என்று ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. நானும் அவர்கள் முகத்தைப் பார்த்து, நல்ல வேலைக்காரன் என்று நினைத்துக்கொண்டே தடிப் பலகையை ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். பூசையன்று செல்லம் பேச்சைக் கேட்டிருந்தால், அதே ஒன்றேகால் நூலில் பாலிஷ் போட்டு ஆரோக்கியம் கையில் கொடுத்திருப்பேன். அவரும் நன்றி சொல்லி வாங்கி, வீட்டில் மாட்டிவிட்டு, இரவல் கிட்டாரோடு பஸ் ஏறியிருப்பார்.

அந்தக் கிட்டார் சிங்கப்பூர் போயிற்று. தீபாவளிக்கு முன்னால் தவுக்கே கடைக்குப் போய், என் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருடம் அந்தத் தகரக் கூரையின் கீழேதான் பிழைப்பு.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இரண்டே விஷயம். பொட்டு வைப்பதானால் பாலிஷ் காய்ந்த பிறகு வையுங்கள். இரண்டாவது, நம் ஆட்கள் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள். நீங்கள் செய்ததைக் கையில் வாங்கி, "நல்லாருக்குண்ணே" என்று சொல்லிவிட்டு எழுந்துகொள்வார்கள். எழ விடாதீர்கள். இன்னொரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்து உட்கார வையுங்கள். முதல் கிளாஸ் முடிகிறவரை மரியாதைதான் பேசும். இரண்டாவது கிளாஸ் பாதியில், "ஒண்ணு மட்டும் சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே" என்று ஆரம்பிப்பார்கள். அப்போது வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்.