பதினெட்டு அடி வீட்டில் ஒரு முற்றம்

வேரோனிக்கா பத்தொன்பது வருடமாக அடுத்தவர்களின் வீடுகளையே கீறிக்கொண்டிருந்தவள். ரொறொன்ரோ நகர நடுவில், ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலை. நாற்பது மாடிக் கொண்டோக்களின் குளியலறைகளை எத்தனை ஆயிரம் தடவை கீறியிருப்பாளோ, அவளுக்கே தெரியாது. கடைசியில் தன் வீட்டையும் கீறும் காலம் வந்தது. வந்தும் என்ன, காணியின் அகலம் பதினெட்டு அடி.

சொந்தக்காரர் எல்லாரும் நகருக்கு வெளியே விட்பிக்கும் பிக்கரிங்குக்கும் போய்க் காலை நீட்டி இருக்க, இவளும் புருசன் அன்ட்ரூவும் மட்டும் நகரத்தை விடவில்லை. அவன் நகரத்துத் தண்டவாளங்களில் ஸ்ரீற்கார் ஓட்டுபவன். டிப்போ நடக்கிற தூரம். பழைய வீட்டின் இரண்டு பக்கமும் அயல்வீட்டுச் சுவர்கள் ஒட்டிக்கொண்டு நின்றன. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் லைற் போட்டுத்தான் சோறு தின்னவேண்டும். அத்திவாரமும் சரியத் தொடங்கவே, இடித்துக் கட்டுவதென்று முடிவாயிற்று.

வேரோனிக்கா புதுப் படத்தின் நடுவே ஒரு சதுரம் கீறினாள். அது முற்றம். மேலே கூரை இல்லை. சுற்றிவரத் தள்ளித் திறக்கிற கண்ணாடிக் கதவுகள். ஆட்கள் வந்து இருக்க முன்னுக்கு ஒரு ஹோல், பின்னுக்கு ஒரு ஹோல், நடுவில் வானம். இத்தனை வருடத்தில் அவள் கீறியவற்றில் அவளுக்கே ஆசை வந்த படம் அது ஒன்றுதான்.

மாமிக்கு ஆசை வரவில்லை. இவர்களோடேயே இருக்கும் அன்ட்ரூவின் தாய் அருள்மலருக்குப் படம் வாசிக்கத் தெரியாது. ஆனால் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாலும் குறையைச் சரியாகப் பிடித்துவிடுவார்.

"உதுக்குள்ளை பனி கொட்டினா ஆர் அள்ளுறது? ஹோலுக்குள்ளாலை வாளியிலை கொண்டு போறதோ?"

"நிலத்துக்குக் கீழை சுடுதண்ணிக் குழாய் ஓடும் மாமி. பனி உருகி வடிஞ்சிடும்."

"சரி, பனி போகட்டும். ஒக்டோபரிலை செபமாலை எங்கட வீட்டை வரேக்கை நாப்பது சனத்தை எங்கை இருத்துறது? பாதிச் சனம் முன்னுக்கும் பாதிச் சனம் பின்னுக்குமோ? மாதாவை எந்தப் பக்கம் வைக்கிறது?"

ஒக்டோபர் முழுக்க நாளுக்கொரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்வது அவர்களின் கோயில் சனத்தின் வழக்கம். போன வருடம் இவர்கள் முறை வந்தபோது சனம் மாடிப்படியிலும் குசினியிலும் இருந்து செபித்தது. அந்த வெட்கம் மாமிக்கு இன்னும் ஆறவில்லை. அவர் கேட்டது நீட்டுக்கு ஒரே ஹோல். அதைக் கொடுத்தால் முற்றம் போய்விடும். அன்ட்ரூவோ, "அம்மா ஓம் எண்டாத்தான் நான் கையெழுத்து வைப்பன்" என்று நைசாக நழுவிவிட்டான். செவ்வாய்க்கிழமை படம் நகரசபைக்குப் போகவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மோர்னிங்சைட் பக்கத்துக் கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்ததும், வேரோனிக்கா சோக்குக் கட்டியும் அளவு நாடாவுமாகப் பார்க்கிங் லொட்டின் கோடிக்குப் போனாள். படத்தில் விளங்காததை நிலத்தில் முழு அளவில் கீறிக் காட்டிவிடலாம் என்று எண்ணம். முழு வீடும் இரண்டு கார் நிற்கிற அகலந்தான் என்பது அப்போது ஊருக்கே தெரிந்துபோயிற்று.

"பிள்ளை, இது வீடோ, கராஜோ?" என்றார் பாட்டுக் குழுவின் எட்வேட் அங்கிள்.

சிரிக்க வந்த சனம் திரும்பிப் போகவில்லை. குசினி எது, பாத்றூம் எது என்று விசாரித்தார்கள். சோக்குச் சுவரை ஒருவரும் மிதிக்கவில்லை. வாசல் விட்டிருந்த இடத்தாலேதான் மரியாதையாக வந்து போனார்கள்.

மாமி சும்மா விடுவாரா? மண்டபத்திலிருந்து மடக்குக் கதிரைகளை எடுப்பித்து, முன் ஹோலில் இருபது, பின் ஹோலில் இருபது போட்டுச் சனத்தை இருத்தினார். இது சரிவராது என்று காட்டத்தான்.

"இப்ப செபமாலை சொல்லுங்கோ பாப்பம்."

எட்வேட் அங்கிள் முன் ஹோலில் தொடங்கினார். முன்னுக்கு இருந்தவர்கள் முதற்பாதியைச் சொல்லி நிறுத்த, பின்னுக்கு இருந்தவர்கள் மறுபாதியை எடுத்தார்கள். செபமாலை என்றைக்கும் அப்படித்தான். ஒரு பக்கம் தொடங்க, மறுபக்கம் முடிக்கும். ஒரே அறைக்குள் நெருக்கியடித்து இருக்கும்போது யார் எந்தப் பக்கம் என்று தெரியாமல் எல்லாரும் எல்லாவற்றையும் சொல்லிக் குழப்புவார்கள். இப்போது குழப்பமே இல்லை. செபம் அந்தச் சதுரத்தைத் தாண்டிப் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தது. இத்தனை வருடம் செபமாலை சொல்லியும், இத்தனை வருடம் வீடு கீறியும், இது வேரோனிக்காவின் புத்திக்கு எட்டவில்லை.

செபமாலையின் பத்து மணியும் சொல்லி முடித்த பிறகுதான் மாமி எழுந்தார். முற்றத்தின் நடுவில் போய் நின்று முன்னுக்கும் பின்னுக்கும் பார்த்தார்.

"மாதா இதிலை நிக்கட்டும். ரெண்டு பக்கத்துக்கும் தெரியும்."

"அப்ப ஓமோ, அம்மா?" என்றான் அன்ட்ரூ.

மாமி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முற்றத்தை அடிவைத்து அளந்துகொண்டிருந்தார்.

"இது காணாது. இன்னும் நாலடி வேணும்."

வேரோனிக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காணி முடிஞ்சுது மாமி. நாலடிக்கு நான் எங்கை போறது?"

அருள்மலர் சோக்கு வீட்டின் பின்கோடிக்கு நடந்தார். அங்கே 'மாமியின் அறை' என்று எழுதியிருந்தது. அதன் சுவரைச் செருப்புக் காலால் தேய்த்து அழித்தார்.

"ஹோலைப் பின்னுக்குத் தள்ளிப்போட்டு இதிலை நாலடியை எடு. நான் ஒரு கட்டில்தானே போடப் போறன்."