ஓடைக்கரைக் கீழாநெல்லி

காலை 7.40. வேலூரில் ஆம்பூர் பஸ் ஏறினேன்; ஐம்பது கிலோமீட்டர். நான் தாவர வேதியியல் வாத்தியார். மாணவர்களுக்குக் காட்டக் கீழாநெல்லி வேண்டும். தஞ்சைப் பக்கம் எங்கள் ஊரில் வரப்பில் குனிந்தாலே கிடைக்கும். இங்கே வேலைக்கு வந்த பாவம், செடிக்கும் பஸ் ஏற வேண்டியிருக்கிறது.

9.15. ஆம்பூரில் பஷீர் பாயின் ஆட்டோ. ஆறு கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய்.

"வெயில் ஜாஸ்தி சார். பச்சையா எதுனா பாக்கணும்னா டேனரி ஓடைதான்."

அவர் சொன்னது சரிதான். சுற்றிலும் காய்ந்த நிலம். டேனரிகளில் தோல் கழுவிய தண்ணீர் ஓடும் கரையில் மட்டும் முழங்கால் உயரத்துக்குக் கீழாநெல்லி. சிற்றிலைகள் இரண்டு வரிசையாக, அவற்றின் அடியில் கடுகளவு காய்கள். பில்லாந்தின், குவெர்செட்டின், டானின் என்று மருந்துச் சத்தெல்லாம் உள்ள செடி. கசப்புக்குப் பெயர்போனது.

அங்கே ஒரு பெண் மடி நிறையப் பறித்துக்கொண்டிருந்தார். பெயர் சரசா. கணவர் முருகேசனுக்கு டேனரியில் தோல் ஊறும் தொட்டிக்குள் இறங்கி வேலை, இப்போது காமாலை.

"பன்னெண்டு நாளா வெறும் வயித்துல மோர்ல அரைச்சிக் குடுக்குறேன் சார். கண்ணு இன்னும் மஞ்சளாத்தான் கீது."

"ஏம்மா இங்க வந்து பறிக்கிறீங்க?"

"வேற எங்க கீது? இங்கதான் கொழுகொழுன்னு வளருது. எங்க தெருவே இங்கதான் பறிக்கும்."

மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் உலோகத்தைச் செடி உறிஞ்சும், தோல் பதனிடும் குரோமியம் உட்பட. எவ்வளவு என்று சோதித்தால்தான் தெரியும். ஈரலுக்கு மருந்தென்று கொடுப்பதே ஈரலுக்கு எமனாகலாம். ஆத்திரமாக வந்தது; யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"இந்தத் தண்ணில விஷம் இருக்கும்மா. இதக் குடுக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றேன். சரசா மடியை அப்படியே உதறினார்.

11.20. சரசா வீட்டுக்குப் போய் முருகேசனைக் கைத்தாங்கலாக அதே ஆட்டோவில் ஏற்றினோம். பாய் காசு வேண்டாம் என்றுவிட்டார். வழியில் சரசா நான் சொன்னதைக் கணவரிடம் சொன்னார். அவர் மஞ்சள் கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"கரைல நின்ன செடியே விஷம்ன்றீங்க. நான் பத்தொம்போது வருசமா தொட்டிக்குள்ளயே நிக்கிறேன் சார். எனக்கு இன்னா சொல்றீங்க?"

செடி என்றால் பிடுங்கிப்போய்ச் சோதித்துச் சொல்லியிருப்பேன். ஆஸ்பத்திரிச் சீட்டில் தொழில் என்ற இடத்தில் 'டேனரித் தொட்டி, பத்தொன்பது வருடம்' என்று நானே எழுதினேன்.