ஆசாத்தின் கட்சிக்கு ஓர் ஆள்

இரண்டு லேப்டாப்புகளையும் தோளோடு தோள் உரச மேசையில் வைத்து, இரண்டிலும் ஒரே பஸ்ஸைக் கிளப்பிவிட்டு, ஜமால் முகமது டீ கிளாஸைக் கையில் எடுக்கிறார். திரைகளில் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டை விட்டு இரண்டு பச்சைப் பஸ்கள் புறப்படுகின்றன. அடைமழை. கொடைக்கானல் மலைப்பாதை. பஸ் தானே ஓடும். யாரும் ஓட்ட வேண்டியதில்லை. கொண்டை ஊசி வளைவில் எந்தப் பஸ் விக்கி விக்கி நகர்கிறதோ, அந்த லேப்டாப்பின் கிராபிக்ஸுக்குத் தெம்பு போதாது. யாரோ இளவட்டங்கள் நம்மூர்ச் சாலையையும் நம்மூர்ப் பஸ்ஸையும் வைத்துச் செய்த விளையாட்டு அது. வாங்க வருகிறவர்களுக்கு ஜமால் வேறெந்தப் பரிசோதனையும் காட்டுவதில்லை.

"நெட்டுல ஆயிரம் நம்பர் போட்டிருப்பான். எனக்கு மழையில மலை ஏறணும். அம்புட்டுத்தேன்."

பேகம்பூர் போகிற சாலையில், மாடியில் இருக்கிற ஒரு ஜெராக்ஸ் கடையின் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது அவருடைய பழைய லேப்டாப் கடை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். பல வருஷம் குனிந்தே பழகியதால் பள்ளிவாசல் வாசலில்கூட ஜமால் சற்றுக் குனிந்துதான் நுழைவார். அவருடைய அத்தா தோல் மண்டியில் தரம் பிரித்தவர். புறங்கையால் தடவியே, தோலில் எங்கே உண்ணி கடித்தது, எங்கே கத்தி பட்டது என்று சொல்லிவிடுவாராம். தோல் வியாபாரம் போய்விட்டது. அந்தப் புறங்கை மட்டும் மகனிடம் இருக்கிறது. எந்த லேப்டாப் வந்தாலும் மூடியை ஒருமுறை புறங்கையால் நீவுவார். பிறகு அதைத் திருப்பி, சூடான காற்று வெளியேறும் துவாரத்தில் மூக்கை வைத்து முகர்வார்.

"சமையக்கட்டுல வச்சிருந்தீகளா? தாளிச்ச வாடை வருது."

இல்லை என்று யாராவது சொன்னாலும் அசர மாட்டார். "அப்பப் பக்கத்து வீட்டுச் சமையக்கட்டு."

விற்கும்போது குறையைத்தான் முதலில் சொல்லுவார். "இதுக்கு வலது காது கேக்காது" என்றால் வலப்பக்க ஸ்பீக்கர் வேலை செய்யாது. "இது மதியத்துக்கு மேல படுத்துக்கிரும்" என்றால் பேட்டரி நிற்காது. இதைக் கேட்டுவிட்டு வாங்காமல் போனவர்கள் உண்டு. அவர்களே அடுத்த மாதம் அண்ணன் மகனைக் கூட்டிக்கொண்டு வருவதும் உண்டு.

கடையை முன்பு இரண்டு பேர் நடத்தினார்கள். இன்னொருவர் தம்பி ஆசாத். கல்யாணம் கட்டிக்கொள்ளாமல் அண்ணன் வீட்டிலேயே இருந்தவர். அண்ணன் தம்பிக்குள் சொத்துச் சண்டை இல்லை, சோற்றுச் சண்டை இல்லை. ப்ராசஸர் சண்டை மட்டும்தான். ஜமால் இன்டெல் கட்சி. ஆபீஸ்களிலிருந்து கழித்துவிட்டு மூட்டையாக வருகிற வெள்ளி நிற லேப்டாப்புகளில் பத்தாம் தலைமுறை ஐ7 இருக்கும். 1065ஜி7 என்பது அதன் பெயர். ஆசாத் வைத்திருந்தது கறுப்பு நிறம். அதில் ரைசன் 7, 3700யூ. இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தவை, இன்றைக்கு இரண்டுமே பழசு. இரண்டிலும் தனியாகக் கிராபிக்ஸ் கார்டு கிடையாது. படம் காட்டுகிற வேலையையும் ப்ராசஸரே உள்ளுக்குள் வைத்திருக்கும். அப்படி இருந்தும் அந்தக் காலத்து லேப்டாப்புகளில் படத்தை ஓரளவு நன்றாக ஓட்டக்கூடியவை இவை இரண்டும்தான் என்பதில் அண்ணன் தம்பிக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எது முதல், எது இரண்டாவது என்பதில்தான் ரகளை.

ஆசாத் அதை விளக்குகிற விதமே தனி. "தனிக் கார்டுன்னா தனித் தட்டு. இது விருந்துல கூடி உக்காந்து திங்கிற சஹன் சோறு. ஒரே தட்டுல ப்ராசஸரும் கை வைக்கிது, கிராபிக்சும் கை வைக்கிது. தட்டுதேன் ரேமு. தட்டு பெருசா இருந்துச்சுன்னா ரெண்டுக்கும் வயிறு நெறையும்."

விளக்கம் நன்றாக இருக்கும். பந்தயத்தில் மட்டும் கறுப்பு தோற்றுக்கொண்டே இருந்தது. கடைசி வளைவில், மழை வலுக்கிற இடத்தில், ஆசாத்தின் பஸ் விக்க ஆரம்பித்துவிடும். ஆசாத் உடனே ஹாரன் பொத்தானில் விரலை வைத்து அழுத்துவார். கடை முழுக்க அலறும். ஜெராக்ஸ் கடைக்காரர் மேலிருந்து தரையைத் தட்டுவார்.

"ஏலே, ஹாரன் அடிச்சா பஸ்சு ஏறிருமாடா?"

"ஏறாதுண்ணே. வாரோம்னு தெரியணும்ல."

போன வருஷம் நோன்புக்கு முந்தி ஒரு முற்பகலில், நெஞ்சு எரிகிறது என்று ஸ்டூலில் உட்கார்ந்த ஆசாத் பிறகு எழுந்திருக்கவில்லை.

சில வாரம் கழித்துக் கடையைத் திறந்த ஜமால், தூசி தட்டுவதற்காகத் தம்பியின் கறுப்பு லேப்டாப்பைக் கவிழ்த்து அடித்தகட்டைக் கழற்றினார். உள்ளே ரேம் செருகும் இடம் இரண்டு. ஒன்று காலி. வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் "ரெண்டு ரேமாப் போட்டுக்க, இல்லேன்னா கிராபிக்ஸ் பட்டினி கெடக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்த ஆளின் சொந்தக் கணினியில் ஒரே ஒரு ரேம். பந்தயம் விட்ட இத்தனை வருஷத்தில் அதை ஒருநாளும் திறந்து பார்க்கவில்லையே என்று ஜமாலுக்கு அப்போதுதான் தோன்றியது.

விஷயம் வத்தலக்குண்டு முகேஷ்குமார் மூலம் தெரியவந்தது. கல்யாண வீடியோ எடுக்கிறவர் அவர். துக்கம் கேட்க வந்து, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிவிட்டுச் சொன்னார்.

"ரொம்ப நாளைக்கு முந்தி, மறுநா ரிசப்ஷன்ல வீடியோ ஓட்டணும், என் ரேமு போயிருச்சு பாய். உங்க கடையிலயும் ஸ்டாக் இல்ல. ஆசாத் அண்ணன் அவரு இதுலருந்து புடுங்கிக் குடுத்தாரு. திருப்பிக் கொண்டாந்தப்ப வாங்கல. 'நீயே வச்சுக்க மாப்ள, நான் பஸ்தான ஓட்டுறேன்'னுட்டாரு."

முகேஷ்குமார் போன பிறகு ஜமால் அலமாரியிலிருந்து ஒரு ரேமை எடுத்துக் காலி இடத்தில் செருகினார். இரண்டு பஸ்களையும் கிளப்பினார். கறுப்பு, கடைசி வளைவை விக்காமல் ஏறியது. வெள்ளிதான் சற்றுத் திணறியது. பக்கத்து ஸ்டூலில் சண்டைக்கு ஆள் இல்லை.

அன்றிலிருந்து ஜமால் ரைசன் கட்சி. சஹன் தட்டு விளக்கத்தை ஆசாத்தின் குரல் ஏற்ற இறக்கத்தோடு அவரே சொல்லுகிறார். வெள்ளி வாங்க வருகிறவனிடம் கறுப்பை ஓட்டிக் காட்டி வெள்ளியை மட்டம் தட்டுகிறார். மதியச் சோறு கொண்டுவருகிற மனைவி குர்ஷித் பேகம் இதைக் கேட்டுக்கொண்டே தூக்குச்சட்டியை இறக்கிவைப்பார்.

"அவன் இருந்தப்ப அவனோட மல்லுக்கட்டுனீங்க. இப்ப நீங்களே அவனாட்டம் பேசுறீங்க. விக்கிற சரக்கக் கொறை சொன்னா வெஞ்சனத்துக்கு எங்க போறது?"

கறுப்பை விலைக்குக் கேட்டவர்கள் உண்டு. "அது சரக்கு இல்லப்பா, எடைக்கல்லு. எடைக்கல்ல யாராச்சும் விப்பாகளா?" என்று அனுப்பிவிடுவார்.

சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து பவித்ரா வந்தது சமீபத்தில்தான். கூட அவள் அப்பா கண்ணுசாமி, பூ மார்க்கெட்டில் மல்லிகையை இறக்கிவிட்டு வந்த கையோடு. பவித்ரா கட்டப்போகும் வீடுகளைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாக வரைந்து கொடுக்கிறவள். ஒரு ஆபீஸில் வேலை பார்த்துவிட்டு இப்போது சொந்தமாகத் தொடங்கியிருக்கிறாள். அவளுடைய லேப்டாப் வீட்டைத் திருப்பிக் காட்டுவதற்குள் உறைந்து நின்றுவிடுகிறது. முதல் வாடிக்கையாளர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம் இரண்டாமவர் வருகிறார்.

"எனக்கு இன்னொருக்காத் தப்பா வாங்க முடியாது அங்கிள். இதுவா, அதுவா?"

"வெள்ளி சரக்கு. கறுப்பு எடைக்கல்லு தாயி."

"கல்லு நல்லாருந்தாக் கல்லையே குடுங்க பாய்" என்றார் கண்ணுசாமி.

ஜமால் சிரிக்கவில்லை. அவள் வேலைக்கு எது சரி என்று அவருக்குத் தெரியும். வெள்ளியில் ரேம் போர்டோடு ஒட்டியிருக்கிறது, பின்னால் கூட்ட முடியாது. கறுப்பில் கூட்டலாம். இன்னொன்றும் அவருக்குத் தெரியும். கறுப்பிலிருந்து ஒரு ரேமைக் கழற்றிவிட்டால் பழையபடி வெள்ளி ஜெயித்துவிடும். அந்தப் பெண் வெள்ளியோடு போய்விடுவாள். கறுப்பு கடையிலேயே இருக்கும்.

"செத்த நேரம் இருங்க. தூசி தட்டிக்கிட்டு வாரேன்."

திரைச்சீலைக்குப் பின்னால் போய்க் கறுப்பைக் கவிழ்த்தார். திருகுகளைக் கழற்றினார். ரேமைப் பிடித்திருக்கிற கொக்கியில் கட்டைவிரலை வைத்தார். வெளியே அப்பாவும் மகளும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பாப்பா, நான் வெள்ளிக்கு. பாத்தாலே தெரியுதே, எம்புட்டு மினுக்கு!"

"நானும் வெள்ளிதான்ப்பா. அதுதான் அழகா இருக்கு."

"அப்பக் கறுப்புக்கு ஆளே இல்லையா?" கண்ணுசாமிக்குச் சேவல்கட்டுக்கு வந்த உற்சாகம். திரைச்சீலையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏன் பாய், கறுப்புக்கு யாரு?"

உள்ளே கட்டைவிரல் கொக்கியை விட்டு விலகியது.

"நான் இருக்கேன்" என்றது ஜமாலின் குரல். பிறகு திருகுகளை முடுக்குகிற சத்தம் கேட்டது.

பஸ்கள் கிளம்பின. முதல் வளைவுகளில் இரண்டும் ஒன்றுபோலத்தான் ஏறின. கண்ணுசாமி தொடையைத் தட்டினார். மேலே மழை வலுத்தது. வெள்ளி ஒருமுறை நின்று நகர்ந்தது, மறுபடி நின்றது. கறுப்பு போய்க்கொண்டே இருந்தது. பவித்ரா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மொதல்ல குத்தத்தச் சொல்லீர்றேன்" என்றார் ஜமால். "ஆன் ஆகுறதுக்கு வெள்ளியவிடச் செத்த நேரம் கூடப் புடிக்கும். பேட்டரியும் வெரசா எறங்கும். ஆனா ஒன் வீட்டத் திருப்புறதுக்கு இதுதேன்."

"எடைக்கல்லுன்னீகளே பாய்?"

ஜமால் கறுப்பை இரண்டு கையாலும் பிடித்து, திரை பவித்ராவைப் பார்க்கும்படி மெதுவாகத் திருப்பி அவள் முன்னால் தள்ளி வைத்தார். பஸ் கடைசி வளைவை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து இப்போது மூடியின் முதுகு மட்டுமே தெரிந்தது. அதன் மேலாகக் கையை நீட்டி, பார்க்காமலேயே பொத்தான்களைத் தடவி, ஹாரனில் விரலை வைத்து அழுத்தினார். மேலேயிருந்து ஜெராக்ஸ் கடைக்காரர் தரையைத் தட்டத் தொடங்கினார். ஜமால் விரலை எடுக்கவில்லை.