மூணாவது மாடிக்குத் தண்ணீர் ஏற்றிய வார்த்தை

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். முதல் வேலையில் சேர்ந்த புதிதில், ஃபேன் ரொம்பச் சத்தம் போடுகிறது என்று ஆங்கிலத்தில் அலுத்துக்கொண்ட மேனேஜரைப் பார்த்து, "ஐ செகண்ட் யூ, சார்" என்று சொன்ன புண்ணியவதி நான்தான். எங்கேயோ காதில் விழுந்த வார்த்தை. பெரிய மனுஷத்தனமாக இருந்தது, எடுத்து விட்டேன். மனிதர் என்னையும் ஃபேனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பக்கத்து டேபிள் டோரத்தி சிரித்த சிரிப்பில் தலை டைப்ரைட்டரில் முட்டியது. கோவாக்காரி, என் வயசுதான். "நாட் ஹிம், மென்" என்றாள். ஆளை செகண்ட் பண்ணக்கூடாதாம். மீட்டிங்கில் ஒருத்தர் ஒரு யோசனையை முன்வைப்பார். இன்னொருத்தர் எழுந்து அந்த யோசனையை செகண்ட் பண்ண வேண்டும், அதாவது வழிமொழிய வேண்டும். யாரும் எழுந்திருக்காவிட்டால்?

"ஃபினிஷ். இட் டிராப்ஸ்."

அந்த 'டிராப்ஸ்' சுருக்கென்று குத்தியது... எங்கள் கட்டிடத்து யோசனை ஒன்று ஏற்கெனவே அப்படித்தான் விழுந்திருந்தது.

அறுபதுகளின் கடைசி. பம்பாய் மாதுங்காவில் மூன்று மாடிக் கட்டிடம், நாங்கள் மூணாவது மாடி. விடியற்காலையில் பித்தளைக் குடமும் பால்டியும் படிக்கட்டுச் சுவரில் இடிக்கிற சத்தம்தான் எனக்கு அலாரம். கீழ்க் குழாயில்தான் தண்ணீர் ஒழுங்காக வரும், மேலே ஏறாது. அம்மா சுமந்தாள். நானும் தங்கை ஜெயாவும் பாதி சிந்தி, பாதி சுமந்தோம். ஒரு மழைக்காலத்தில் அம்மா ஈரப்படியில் வழுக்கி விழுந்தாள். இடது மணிக்கட்டு கோணலாகவே சேர்ந்துகொண்டது. அந்தக் கையோடும் சுமந்தாள்.

ஒரு பம்ப் போட்டால் தீர்ந்தது. பக்கத்து வீட்டு மணி மாமா அதை பில்டிங் மீட்டிங்கில் ப்ரபோஸ் பண்ணினார். செகண்ட் பண்ணுவதாக ஒப்புக்கொண்டிருந்தவர் என் அப்பா. ஆனால் தரைத்தளத்து செகரட்டரி லேசுப்பட்டவரில்லை. கோட்டு மாட்டிக்கொண்டு, வீட்டுப் பூஜை மணியை மேஜைமேல் வைத்துக்கொண்டு, ஹைகோர்ட் மாதிரி நடத்துவார். "எனி செகண்டர்?" அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்திருப்பதற்குள், "நோ செகண்டர். ப்ரபோசல் டிராப்ஸ்." டிங்.

மற்ற மாடிக்காரர்களும் வாயைத் திறக்கவில்லை. பிள்ளைகளின் ஸ்கூல் அட்மிஷனுக்கு அவர் சிபாரிசு வேண்டுமே. கும்பலோடு கை தூக்க எல்லோரும் தயார், தனியாக எழுந்து நிற்கத்தான் ஆளில்லை.

அடுத்த மீட்டிங்குக்கு நான் போகிறேன் என்றேன்.

"நீ என்னடி அங்க போய்ப் பேசப்போற? பொம்மனாட்டி யாரும் போனதே இல்லையே" என்றாள் அம்மா.

அப்பா மட்டும், சந்தேகப்படும்படியான சந்தோஷத்தோடு, "போகட்டுமே" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ரயில்வே டூட்டி விழுந்தது. அவரே கேட்டு வாங்கிக்கொண்டார் என்பது இன்றுவரை என் கட்சி.

பிராக்டீஸ் ஆரம்பமாயிற்று. ரசத்தில் உப்பில்லை என்று ஜெயா சொன்னால், "ஐ செகண்ட் த ப்ரபோசல்" என்பேன்.

"உப்பு டப்பா அலமாரில இருக்கு, எடுத்துப் போட்டுக்கோ" என்பாள் அம்மா. "இங்கிலீஷ்ல சொன்னா தானா வந்து விழுமாக்கும்."

மீட்டிங் அன்று செகரட்டரி வீட்டுக் கூடம் முழுக்க ஆண்கள். சமையலறைக் கதவிடுக்கில் அவர் வீட்டு மாமியின் ஒரு கண். மணி மாமா பம்ப் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்போதே நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

"எனி செக..."

"ஐ செகண்ட் த ப்ரபோசல், சார்."

பூஜை மணியை எடுத்த செகரட்டரியின் கை அந்தரத்தில் நின்றது. மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை. "ஆர் யூ எ மெம்பர்?"

"ஐ ரெப்ரசென்ட் மை ஃபாதர், சார்." நானே டைப் அடித்து அப்பா கையெழுத்துப் போட்ட கடிதாசை நீட்டினேன். முழங்கால் இரண்டும் தாளம் போட்டன. புடவை வாழ்க.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு தப்பும் அகப்படவில்லை. வேறு வழியில்லாமல் ஓட்டுக்கு விட்டார். விட்டதுதான் தாமதம், முதல் மாடி, இரண்டாம் மாடி, மூணாம் மாடி என்று எங்கே பார்த்தாலும் கை. "கேரீட்" என்று நிறைவேற்றினார், கசப்பு மருந்து குடித்த முகத்தோடு.

மழைக்கு முன்பே பம்ப் வந்துவிட்டது. முதல் நாள் காலை எங்கள் வீட்டுக் குழாய் நாலு தடவை இருமிற்று. பிறகு பெருகிற்று. அம்மா அந்தக் கோணல் மணிக்கட்டை அதன் கீழே நீட்டியபடி வெகுநேரம் நின்றாள்.

"ஏண்டி... அந்த ஒத்தை வார்த்தைக்கா இத்தனை வருஷம் சுமந்தேன்?"

அந்த வாரம் முழுக்க மாடிப்படியில் நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். டோரத்திக்கு ஒரு பாட்டில் மாவடு கொண்டுபோய்க் கொடுத்தேன். பிற்பாடு எத்தனையோ பெரிய கம்பெனிகளில் எத்தனையோ மீட்டிங் பார்த்தாயிற்று. அந்த மூன்று விநாடிக்கு ஈடாக ஒன்றும் இல்லை.

இப்போது செம்பூரில், ஏழாவது மாடி. திருகினால் தண்ணீர். சொசைட்டி விவகாரமெல்லாம் வாட்ஸ்அப்பில் நடக்கிறது. கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினால் செகண்ட் பண்ணியதாக அர்த்தம். முழங்கால் ஆட வேண்டிய அவசியமே இல்லை. ஆடுகிறது, அது வேறு காரணம்...

இதை இங்கே போடுவதற்கு முன்னால் போனில் ஜெயாவுக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாம் சரிக்கா. அன்னிக்கு அந்தக் கூடத்துல உக்காந்திருந்ததெல்லாம் யாரு? கல்லிடைக்குறிச்சி, கும்பகோணம், பாலக்காடு. செகரட்டரி மாமா உள்பட, தமிழ் தெரியாதவா ஒருத்தர்கூடக் கிடையாதே."